திருப்புதல்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில், நாங்கள் பணியாற்றிய கடற்கரைப் பங்கில் இரண்டு ஒலிகள் ஒருங்கே கேட்கும். ஒன்று, ஆலயத்தைச் சுற்றி எழும் சிலுவைப்பாதைப் பாடல். மற்றொன்று, பள்ளிக்கூடத்துச் சன்னல்கள் வழியே வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டுக்குரல். மார்ச்சு மாதப் பொதுத்தேர்வு தவக்காலத்தோடு இணைந்தே வருவதால், நம் பிள்ளைகள் பலருக்குச் சாம்பல் புதன் என்றாலே திருப்புதல் தேர்வும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

திருப்புதல் என்ற சொல்லை நாங்கள் பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்காமலேயே பயன்படுத்தி வந்தோம். பாடங்கள் முடிந்துவிட்டன, இனிப் பக்கங்களை முதலிலிருந்து திருப்ப வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள் என்று கருதினோம். பக்கத்தைத் திருப்புவது வேறு, உள்ளத்தைத் திருப்புவது வேறு என்பது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. அதை விளங்க வைத்தவன் ஒரு மாணவன். அதற்கு அவன் கொடுத்த விலை பெரிது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட இந்நாளில், அவனை முன்னிட்டுச் சிலவற்றை எழுதிவைப்பது எங்கள் கடமை என்று உணர்கிறோம்.

நாங்கள் இருவரும் உள்நாட்டு ஊர்களிலிருந்து அப்பள்ளிக்கு வந்தவர்கள். ஒருவர் சமூக அறிவியலும் மற்றவர் அறிவியலும் கற்பித்தோம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி வகுப்பும் எங்கள் பொறுப்பில் இருந்தது. தேர்வுக்கு முந்திய வாரங்களில் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் அறிவர். ஆசிரியர் ஒரு வரி படிக்க, பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வர். மதிய உணவுக்குப் பின் பாதிப்பேரின் கண்கள் மூடியிருக்கும். ஆனால் வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த அயர்வைப் போக்க எண்ணிய நாங்கள் வினாடி வினாவைக் கொண்டுவந்தோம்.

அதற்கு நம் திருச்சபையின் கல்வி மரபிலேயே முன்மாதிரி இருந்தது. இயேசு சபையார் 1599-ஆம் ஆண்டில் தங்கள் பள்ளிகளுக்கென வகுத்த கல்வித் திட்டத்தில், அன்றைய பாடத்தை அன்றே திரும்பச் சொல்வதும், சனிக்கிழமையில் வாரப் பாடம் முழுவதையும் மீளப் பார்ப்பதும் விதியாக இருந்தன. ஒரு மாணவன் கேட்க, அவனுக்கு இணையான மற்றொருவன் விடை சொல்லும் போட்டிகளும் அதில் இடம் பெற்றன. வகுப்பை ரோமர் என்றும் கார்த்தேசியர் என்றும் இரு படைகளாகப் பிரித்து மோதவிடுவது அப்பள்ளிகளில் பெருவழக்கு. நாங்களும் வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். ஓர் அணிக்குக் காவிரி, மற்றோர் அணிக்குத் தாமிரபரணி என்று பெயரிட்டோம். மேசைமேல் ஒரு மணி; விடை சொல்லப் பத்து விநாடி; தவறினால் மணி ஒலிக்கும். உறங்கிக் கிடந்த வகுப்பு விழித்துக்கொண்டது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்து மகிழ்ந்தார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

1994-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இரு அணிகளும் சம மதிப்பெண்ணில் நின்றன. கடைசி வினா, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவனுக்கு வந்தது. தந்தையோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போய்விட்டு, விடிந்தபின் பள்ளிக்கு வரும் பிள்ளை அவன். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். வினா இது: தமிழகக் கடற்கரைக்கு மிகுதியான மழையைத் தரும் காற்று எது? எழுந்து நின்றான். வகுப்பு ஒன்று, இரண்டு என்று விநாடிகளை உரக்க எண்ணத் தொடங்கியது. எட்டு என்னும்போது அவன் மெல்லிய குரலில், "வாடை" என்றான். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் கையிலிருந்த விடைத்தாளில் 'வடகிழக்குப் பருவக்காற்று' என்றிருந்தது. நாங்கள் மணியை அடித்தோம்.

அவனுடைய அணி தோற்றது. படி இறங்கும்போது அணியினர் அவனைச் சூழ்ந்துகொண்டு ஏசியதை நாங்கள் கண்டோம்; விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டோம். வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று என்பது தமிழ் படித்த எவருக்கும் தெரியும். அக்காற்று எழும் மாதங்களே இக்கரைக்கு மழைக்காலம் என்பது கடலோரத்தில் குழந்தைக்கும் தெரியும். அவன் சொன்னது தவறான விடை அன்று. தன் தந்தையின் சொல்லால் சொன்ன சரியான விடை. அன்றிரவே எங்கள் உள்ளத்தில் இது உறுத்தியது. திங்கட்கிழமை வகுப்பில் சொல்லி, அந்த மதிப்பெண்ணை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. ஒருநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனோம். அவனும் தந்தையும் கடலில் இருந்தார்கள். "இனி படிப்பு வேண்டாம்னு சொல்லிட்டான் சார், தொழிலுக்கே போறானாம்" என்றார் தாயார். தேர்வு நுழைவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். அவன் தேர்வு எழுதவில்லை. வறுமை, குடும்பச் சூழல், கடற்கரைப் பிள்ளைகளின் வழக்கம் என்று எங்களுக்கு நாங்களே காரணங்கள் சொல்லிக்கொண்டோம். அவை பொய்யல்ல, ஆனால் அந்த மணியோசையும் காரணங்களுள் ஒன்று என்பதை நாங்கள் அறிந்தே இருந்தோம். மறு ஆண்டு முதல் அந்த மணி மேசைக்கு வரவில்லை.

மணியை எடுத்துவிட்டால் போதுமா? கூட்டுக்குரல் படிப்புக்கே திரும்பிவிடுவதா? இந்தக் கேள்விதான் எங்களைத் தேட வைத்தது. தேடியபோது, நம் முன்னோர் இதைப்பற்றி மிகத் தெளிவாகச் சிந்தித்திருப்பதைக் கண்டோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணவன் எப்படிக் கற்கவேண்டும் என்பதை வரையறுக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கல்வியில் காற்பங்குதான் கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவடையும் என்பது அவர் கணக்கு. கேட்டவற்றைச் சிந்தித்தலும், வினவுதலும், வினவியவற்றுக்கு விடை கூறுதலும் கற்கும் முறையின் கூறுகளாக அங்கே எண்ணப்படுகின்றன. இந்தக் கணக்கின்படி பார்த்தால், நாங்கள் பல ஆண்டுகளாக அந்த முதற் காற்பங்கையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மேலை நாட்டு ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. ஜெர்மானியரான எபிங்காசு என்பவர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மறைந்துபோவதை அவர் கண்டார். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணவரிடம் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை படித்துவிட்டு, நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்தவர்களே முந்தினர்: 81-க்கு 75 விழுக்காடு. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, அவர்கள் நினைவில் 42 விழுக்காடே நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 விழுக்காடு நின்றது.

இதில் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் பழகிய முகமாகிவிடுகிறது. பழகிய முகத்தைத் 'தெரியும்' என்று எண்ணிக்கொள்கிறது. தேர்வறையில் அந்த முகத்தைக் காணாமலே வரையச் சொல்லும்போதுதான் தெரியாதது தெரிய வருகிறது. ஆகவே தேர்வுக்கு முன் செய்யவேண்டியது, உள்ளே போட்டதை வெளியே எடுத்துப் பார்க்கும் பயிற்சி. அதை அச்சமின்றி, சிரிப்புக்கு இடமின்றி எப்படிச் செய்வது என்பதே எங்கள் முயற்சியாக இருந்தது. ஆண்டுக்கு ஒன்றாகச் சில வழிகள் கைவந்தன.

முதலாவது, வெற்றுத்தாள். வகுப்பின் தொடக்கத்தில் நூல்களை மூடிவைத்துவிட்டு, ஒரு பாடத்தின் தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதுவோம். பத்து நிமிடம் பேச்சே இல்லை. நினைவில் உள்ள அனைத்தையும் பிள்ளைகள் நீல மையால் எழுதவேண்டும். பிறகு நூலைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையால் சேர்க்கவேண்டும். அத்தாளை நாங்கள் வாங்குவதில்லை, மதிப்பெண் இடுவதுமில்லை. முதல் வாரத்தில், "ஒண்ணுமே வரமாட்டேங்குது டீச்சர்" என்ற முறையீடுதான் மிகுதி. ஆனால் மூன்று நாள் கழித்து அதே தலைப்பைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் கொடுக்கும்போது, தாளில் நீலம் கூடிச் சிவப்பு குறைவதைப் பிள்ளைகளே காண்பர். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் மீள்தியானம் என்றொரு முறையை வகுத்தார். தியானித்ததை முதலிலிருந்து முழுவதும் ஓட்டாமல், உள்ளம் ஆறுதலையோ வறட்சியையோ உணர்ந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிச் சென்று தங்குவது அது. சிவப்பு மை பட்ட இடங்களுக்குத் திரும்பிச் செல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோது எங்களுக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, நாள்காட்டித் தாள். பங்கில் ஆண்டுதோறும் வழங்கும் நாள்காட்டியின் பழைய மாதத் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தோம். பின்புறம் வெள்ளையாக இருக்கும். வினாவைக் கேட்டவுடன் ஒவ்வொருவரும் விடையைப் பெரிய எழுத்தில் எழுதி, நாங்கள் கைகாட்டியதும் ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டவேண்டும். 48 விடைகளும் எங்கள் கண்முன் நிற்கும். ஆனால் தவறியவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பெயர் சொல்லி யாரையும் எழுப்புவதில்லை. பலர் தவறியிருந்தால், விடையை வெளியிடாமல், அருகில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு மீண்டும் எழுதச் சொல்வோம். இரண்டாம் முறை சரியான விடைகள் கூடிவிடும். அப்போதும் கூடவில்லையென்றால், தவறு பிள்ளைகளிடம் இல்லை, எங்கள் கற்பித்தலில் இருக்கிறது என்று உணர்ந்து அப்பகுதியை மறுபடியும் நடத்துவோம். இந்தத் தாளில் இன்னொரு நன்மையும் இருந்தது. யாரேனும் நூலில் இல்லாத சொல்லை எழுதியிருந்தால், அதைச் சிரிப்பின்றித் தனியே அழைத்துக் கேட்க எங்களுக்கு நேரம் கிடைத்தது.

மூன்றாவது, காலக்கயிறு. கரையிலிருந்து வாங்கிவந்த பழைய வலைக்கயிறு ஒன்றை வகுப்பின் குறுக்கே கட்டுவோம். வேலூர்ப் புரட்சி, 1857-இன் பெருங்கிளர்ச்சி, காங்கிரசின் தோற்றம், வங்கப் பிரிவினை, சாலியன்வாலாபாக், வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், 'வெள்ளையனே வெளியேறு' என்று நிகழ்ச்சிகளைச் சீட்டுகளில் எழுதி, ஆண்டைக் குறிக்காமல் ஆளுக்கொன்று கொடுப்போம். தம்முள் பேசிக் கலந்து, முன்பின் முறையை அவர்களே முடிவுசெய்து, துணிக் கவ்விகளால் கயிற்றில் மாட்டவேண்டும். 1806-இல் தொடங்கி 1942 வரை கயிறு நிறையும்போது, ஆண்டு ஒரு வெற்று எண்ணாக இராது. ஒருமுறை ஒரு மாணவி, 1905-இல் பிரித்த வங்கத்தை 1911-இல் ஏன் மறுபடியும் சேர்த்தார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே ஒரு பாடவேளை முழுவதும் கழிந்தது. அப்படிக் கழிந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை.

வரைபடத்துக்குப் பள்ளி முற்றம் பயன்பட்டது. சுண்ணக்கட்டியால் தமிழகத்தின் எல்லையைப் பெரிதாக வரைந்து, பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி என வடக்கிலிருந்து தெற்காக நீல நூல்களை விரிக்கச் சொல்வோம். "கோடியக்கரைக்குப் போ" என்றால் ஓடிச்சென்று நிற்கவேண்டும். கண் மறந்ததைக் கால் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை அங்கே கண்டோம். வெயில் ஏறுமுன் காலை முதல் பாடவேளையில் மட்டுமே இது இயலும்; அடுத்த வகுப்பார் படிப்பு கெடுகிறது என்ற குறையும் வந்தது. அதனால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டோம்.

நான்காவது, வினாப்பெட்டி. பங்கில் பழுதாகிக் கிடந்த ஒரு மர உண்டியலைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பெற்றோம். ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு வினாவை உருவாக்கி, பின்புறம் விடையையும் எழுதி, பெயரிடாமல் அதில் போடவேண்டும். வினா அமைப்பது விடை எழுதுவதைவிடக் கடினம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிள்ளை சிந்தித்தாக வேண்டும். ஒருநாள் அப்பெட்டியிலிருந்து வந்த ஒரு சீட்டின் பின்புறம் வெறுமையாக இருந்தது. முன்புறத்தில், "பரீட்சையில் தோற்றுப்போனால் என்ன செய்வது?" என்று எழுதியிருந்தது.

அந்தச் சீட்டை உடனே படிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் வகுப்பில் அதை எடுத்துப் படித்தோம். தேர்ச்சிக்கு ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் போதும் என்பதையும், தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதையும், அதற்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் விளக்கினோம். "தோற்றவர்களுக்கும் இந்தப் பள்ளியின் கதவு திறந்தே இருக்கும், நாங்களே வந்து அழைத்துக்கொள்வோம்" என்றோம். வகுப்பில் நிலவிய அமைதியிலிருந்து, அக்கேள்வி ஒருவருடையது மட்டுமன்று என்பது புரிந்தது. பாடநூலில் இல்லாத அந்த வினாவுக்கு விடை சொன்ன நாள்தான் உண்மையான திருப்புதல் நாள் என்று இன்றும் எண்ணுகிறோம். அதை 1994-இல் யாராவது எங்களிடம் கேட்டிருந்தால், எங்களிடம் விடை இருந்திருக்குமா என்பது ஐயம்.

ஐந்தாவது, பவணந்தியார் சொன்ன அந்த அரைப்பங்கு: பிறருக்கு எடுத்துரைத்தல். இதுவும் நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், இங்கே மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளைக் கண்டு, கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடைமுறைப்படுத்தினார். 1797-இல் அதைப்பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் சென்னையின் பெயராலேயே வழங்கியது. அவருக்கும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, நமக்கு நெருக்கமான ஒருவர் இதைச் செய்திருக்கிறார். புனித பிரான்சிசு சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களைக் கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, தாமே மனனம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கச் சொன்னார். நோயுற்றோர் இல்லங்களுக்குத் தமக்குப் பதிலாகச் சிறுவரையே அனுப்பி மன்றாடச் செய்தார். 1544 சனவரியில் உரோமைக்கு எழுதிய மடலில் இவற்றை அவரே விவரிக்கிறார். அவர் கையிலும் மணி இருந்தது. எங்கள் மேசையிலும் மணி இருந்தது. அவருடையது அழைக்கும் மணி.

மறைக்கல்வித் தேர்வுக்கு முந்திய ஞாயிறுகளில் இம்முறையே எங்களுக்குக் கைகொடுத்தது. உறுதிபூசுதல் பெறவிருக்கும் பெரிய பிள்ளைகளைப் புதுநன்மை வாங்கவிருக்கும் சிறுவரோடு இணைத்துவிடுவோம். அருட்சாதனங்கள் ஏழையும் ஒரு சிறுவனுக்குப் புரியும்படி சொல்ல முயலும் பெரியவன், தனக்கே அவை சரியாகப் புரியவில்லை என்பதை உணர்ந்து எங்களிடம் வருவான். விவிலிய மாந்தர் ஒருவரின் பெயரை ஒரு சிறுவனின் முதுகில் குத்திவிட்டு, 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளைக் கொண்டே தான் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்வதும் உண்டு. "நான் படகில் இருந்தேனா? நான் அழுதேனா? இயேசு என் வீட்டுக்கு வந்தாரா?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு, தான் சக்கேயு என்று ஒரு சிறுவன் அறிந்துகொண்ட கணத்தில் அவன் முகத்தில் வந்த மலர்ச்சியை எந்த மதிப்பெண்ணாலும் தர இயலாது.

பள்ளியிலும் வெள்ளிக்கிழமைகளில் கடைசி அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கினோம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிறு பகுதியை, நால்வர் கொண்ட குழுவுக்கு மட்டும், தன் சொந்தச் சொற்களில் விளக்கவேண்டும். குழு சிறிதாக இருப்பதால் கூச்சம் இல்லை. நாங்கள் குழுக்களின் அருகே நின்று கேட்போம், இடைமறிப்பதில்லை.

2018-ஆம் ஆண்டு, அப்படியொரு வெள்ளிக்கிழமை. ஒரு மாணவி காற்றுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தென்மேற்குப் பருவக்காற்றை எங்க அப்பா கச்சான்னு சொல்லுவாங்க. வடகிழக்குப் பருவக்காற்று வர்ற காலம் வாடை. வாடை எழும்பினா கடல் கலங்கும், மழை வரும், தொழிலுக்குப் போகமுடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும்." மற்ற மூவரும் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் நின்றோம். அவள் தந்தையின் பெயரைக் கேட்கவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை, சாயலே சொன்னது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவன் வந்தான். அவன் என்று எழுதுவது பழைய உரிமையால்தான். நாற்பது வயதை நெருங்கிய, விசைப்படகொன்றின் ஓட்டுநராக இருக்கும் மனிதர் அவர். மகளின் மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட்டுவிட்டு, போகத் திரும்பியவர் தயங்கி நின்றார். "சார், டீச்சர், ஒண்ணு கேட்கலாமா? அன்னைக்கு நான் வாடைன்னுதானே சொன்னேன். அது தப்பா?" குரலில் சினம் சிறிதும் இல்லை. 24 ஆண்டுகளாக ஐயமாகவே இருந்த ஒன்றைத் தெளிவு பெற விரும்புகிறவரின் குரல் அது.

"தப்பில்லை. நீங்கள் சொன்னது சரியான விடை. தவறு எங்களுடையது. அடுத்த திங்கட்கிழமையே சொல்ல நினைத்தோம், நீங்கள் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோதும் சொல்லாமல் போய்விட்டோம்" என்றோம். மகள் தந்தையின் முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் சற்றுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மகளின் தோளில் கைவைத்து அழைத்துக்கொண்டு போனார். அவர் எங்களை மன்னித்தாரா என்பதை நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. அந்த மாணவி மறு ஆண்டு பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றாள். தந்தையின் இழப்பை அது ஈடுசெய்துவிட்டது என்று சொல்லி எங்களை நாங்கள் தேற்றிக்கொள்ள விரும்பவில்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் பேதுருவைச் சந்தித்த நிகழ்ச்சியைப் பிறகு பலமுறை தியானித்தோம். பேதுருவுக்கு ஏற்கெனவே ஒரு தேர்வு நடந்திருந்தது. தலைமைக் குருவின் முற்றத்தில், கரிநெருப்பின் அருகில், பலர் முன்னிலையில், மூன்று வினாக்கள். மூன்றிலும் அவர் தோற்றார். இப்போது கடற்கரையில் மீண்டும் ஒரு கரிநெருப்பு; மீண்டும் மூன்று வினாக்கள். ஆனால் ஆண்டவர் முதலில் உணவு கொடுத்தார், அதன்பிறகே வினவினார். ஒருமுறை தவறியதைச் சுட்டிக்காட்ட அவர் கேட்கவில்லை. தவறிய அதே இடத்துக்குப் பேதுருவை அழைத்துச் சென்று, இம்முறை சரியான விடையை அவர் வாயாலேயே சொல்லவைக்கக் கேட்டார். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஒரு பொறுப்பையும் ஒப்படைத்தார். திருப்புதல் என்பதன் முழுப்பொருளும் அந்தக் கடற்கரையில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்த ஆண்டும் தவக்காலமும் தேர்வும் சேர்ந்தே வரும். நம் இல்லங்களில் பிள்ளைகள் நூலும் கையுமாக இருப்பார்கள். "படித்துவிட்டாயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "படித்ததை எனக்குச் சொல், நான் தெரிந்துகொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். அவருக்குச் சொல்லும் பிள்ளை நன்றாகவே கற்கும். பிள்ளை தன் சொல்லால் விடை சொன்னால், நூலின் சொல் அதுவன்று என்று உடனே மறுத்துவிடாதீர்கள். அதையும் ஏற்று, நூலின் சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். நாம் செய்த தவறு ஏதேனும் பிள்ளையின் உள்ளத்தில் தங்கியிருக்கக்கூடும் என்று தோன்றினால், திங்கட்கிழமைவரை காத்திராதீர்கள். அன்றே, விளக்கணைக்கும் முன், இரவுச் செபத்துக்கு முழந்தாளிடும் முன், சொல்லிவிடுங்கள். நாங்கள் காத்திருந்தோம், 24 ஆண்டுகள் கழிந்துவிட்டன.